உதிராத காட்டு நெல்

திருப்பதி
10-5-1975

அன்புள்ள அக்காளுக்கு எர்னஸ்ட் எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் ஜெயகுமாரியும் எப்படி இருக்கிறீர்கள்? வெயில் வந்தால் மாமாவுக்கு வரும் ஒற்றைத் தலைவலி இந்த வருஷமாவது விட்டுவைத்ததா? கிறிஸ்துமஸுக்குச் சித்தூரில் பெரியப்பா வீட்டில் பார்த்ததோடு சரி, அப்புறம் ஒரு கார்டுகூட இல்லை. கோபமென்றால் திட்டியாவது எழுது.

ஒரு காரியமாகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர் ஏரியோரத்துச் சேற்றில் காட்டு நெல் விளையுமே, கறுத்த உமியும் சிவந்த நீள மீசையுமாக? அந்த மீசையைப் பிடுங்கி என் சட்டைக்குள் போட்டு நீ என்னை ஊரெல்லாம் ஓடவிட்டது எனக்கு மறக்கவில்லை. அந்த நெல்தான் இப்போது என் ஆராய்ச்சி. சத்தியவேட்டிலிருந்தும் காளஹஸ்தியிலிருந்தும் விதை வந்துவிட்டது. மூன்றாவதாக நம் ஊர் விதை வேண்டும். இந்த மாதத்தில் ஏரியில் கிடைக்காது. கோழிக்கென்று யாராவது சேர்த்து வைத்திருப்பார்கள், விசாரித்து இரண்டு கைப்பிடி அனுப்பு. ஆனால் ஒன்று. தானாக முளைத்து விளைந்ததாக இருக்க வேண்டும். யாரும் விதைத்ததாக இருக்கக் கூடாது.

என் உதவித்தொகை வருகிற மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் பேராசிரியரிடம் உருப்படியாக எதையாவது காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெரியப்பா சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கெட்ட வேலையில்லை. ஆனால் அதற்காகவா நைனா என்னைப் படிக்க வைத்தார்?

நானே வந்து வாங்கிக்கொள்வேன். ஊரைப் பார்த்தும் ஏழு வருஷமாகிறது. வரட்டுமா?

உன் தம்பி,
எர்னஸ்ட்

பி.கு. கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்த நம் கழனி அரிசியை இங்கே எல்லோருக்கும் பொங்கிப் போட்டேன். என்ன வெள்ளை என்று வாயைப் பிளந்தார்கள்.


பாலசமுத்திரம்
28-5-1975

என் தம்பி எர்னஸ்டுக்கு அக்காள் கிரேஸ் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுகிறது.

இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவின் தலைவலியும் சுகமாக இருக்கிறது, அவரை விட்டுப் போக அதற்கு மனமில்லை. ஜெயகுமாரி ஆறாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். உன்னைப் போலவே எதை எடுத்தாலும் ஏன் ஏன் என்று என் உயிரை வாங்குகிறாள்.

இவ்வளவு படித்துவிட்டுக் கடைசியில் கோழித் தீனியில் வந்து நிற்கிறாயே! ஜில்லாவே பார்க்க மேலே மேலே போவான் என்று நைனா சொல்லிக்கொண்டிருந்தார். நீ சேற்றில் இறங்கிவிட்டாய். போகட்டும், விதையை உன் மாமா தபாலில் சேர்ப்பார். யாரிடமும் கேட்கப் போகவில்லை. நம் வீட்டிலேயே துணியில் முடிந்து தனியாக வைத்திருந்தது, அதில் பாதி. எதற்கு வைத்திருந்தாய் என்று கேட்காதே. மண்ணில் கிடந்ததைப் பொறுக்கி உனக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இது நல்ல மணி, புடைத்துத் தூசி தட்டி அனுப்புகிறேன்.

மாம்பழக் கூழுக்குப் போகிற பேச்சை இத்தோடு நிறுத்து. நைனா கண் மூடும்போது உன் கையை என் கையில் வைத்தார், உன் படிப்பையும் சேர்த்துத்தான். அது முடியாமல் நீ ஸ்டோரில் டின் எண்ணிக்கொண்டிருந்தால் நான் அவருக்கு என்ன பதில் சொல்வது?

இங்கே வரவேண்டாம். பஸ்ஸை நம்பி வந்தால் வழியில் நிற்பாய். கிறிஸ்துமஸுக்கு நாங்களே வழக்கம்போல் சித்தூருக்கு வருகிறோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
கிரேஸ்


திருப்பதி
20-7-1975

அன்புள்ள அக்காளுக்கு,

விதை பத்திரமாக வந்தது. மாமாவுக்கு என் நன்றியைச் சொல். நானும் என் பசியும் சுகமாக இருக்கிறோம், இங்கே நல்ல மழை.

மூன்று ஊர் நெல்லையும் மூன்று பாத்தியில் விதைத்தாயிற்று. உன் நெல்தான் முதலில் முளைத்தது. நீ கோழித் தீனி என்று கேலி செய்ததால், இதில் என்ன இருக்கிறது என்று சொல்லியே தீருவேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டு.

காட்டு நெல் முற்றியதும் ஒவ்வொரு மணியாகத் தானே உதிர்ந்துவிடும். அதுதான் அதன் பிழைப்பு. உதிர்ந்தால்தானே மண்ணுக்குப் போய் அடுத்த வருஷம் முளைக்கலாம்? வயல் நெல் அப்படியில்லை. முற்றிய பிறகும் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாராவது அறுத்து, அடித்து, விதைத்தால்தான் அதற்கு வாழ்வு. ஆதியில் எல்லா நெல்லும் காட்டு நெல்தான். அப்படியானால் உதிர்கிற நெல்லை உதிராத நெல்லாக மாற்றியது யார்?

எங்கள் பேராசிரியர் சொல்வது இது. முறத்தை ஏந்திக் கதிரைத் தட்டிச் சேர்த்தால் உதிரும் மணிதான் முறத்தில் விழும். அதை விதைத்தால் மறுபடியும் உதிரும் நெல்தான். ஆனால் அரிவாளால் அறுத்தால், உதிர்ந்தவை மண்ணோடு போக, எங்கோ ஒன்றிரண்டு உதிராமல் நிற்பவை வீட்டுக்கு வந்து சேரும். அவற்றையே வேறு புது மண்ணில் வருஷா வருஷம் விதைத்து அறுத்தால், மெல்ல மெல்லக் கூட்டத்தில் உதிராதவை கூடிவிடும். அந்த ஆதி மனிதர்கள் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை அக்கா. அறுத்தார்கள், விதைத்தார்கள், அவ்வளவுதான்.

இதை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை என்கிறார். தொடக்கத்தையாவது நான் பார்க்க வேண்டும். இந்த வருஷம் மூன்று பாத்தியிலும் எத்தனை உதிர்கிறது என்று எண்ணிவிட்டு, அப்புறம் அறுக்க ஆரம்பிப்பேன்.

நம் கழனியில் இந்தப் பட்டத்துக்கு என்ன நட்டிருக்கிறீர்கள்?

உன் அன்புத் தம்பி,
எர்னஸ்ட்


பாலசமுத்திரம்
4-9-1975

பிரியமுள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். பதில் எழுத நாளாகிவிட்டது, வேலை சரியாக இருந்தது. ஜெயகுமாரிக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது எழுந்து பள்ளிக்கூடம் போகிறாள். மாமா கார்வேட்டிநகரத்துப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற இடத்துக்குப் போய் வருகிறார்.

உன் கடிதத்தை விளக்கை இழுத்து வைத்து அவருக்கு வாசித்தேன். முறம், அரிவாள் என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். “அப்போ அருவா எடுத்தவங்கோதான் நெல்லயே உண்டாக்கனாங்கன்றானா உன் தம்பி?” என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தாய் என்று நீ கேட்காதே.

எனக்கொரு சந்தேகம். அப்படி மாறுவதற்கு எத்தனை வருஷமாகும் என்று உன் புத்தகங்களில் போட்டிருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

மழைக்காலம், காலில் செருப்பில்லாமல் பாத்தியில் இறங்காதே. சளி பிடித்தால் மிளகு ரசம் வைத்துக் குடி. உனக்கு வைக்கத் தெரியாது, ஓட்டலில் கேட்டு வாங்கு.

இப்படிக்கு,
உன் அக்காள்


திருப்பதி
16-11-1975

அக்காளுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

மனம் சரியில்லை, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நேற்றுப் பேராசிரியர் பாத்திகளைப் பார்க்க வந்தார். சத்தியவேட்டுக் கதிரைத் தொட்டார், பொலபொலவென்று உதிர்ந்தது. காளஹஸ்தியும் அப்படியே. நம் ஊர்ப் பாத்திக்கு வந்து கதிரைப் பிடித்து உலுக்கினார். உலுக்கிக்கொண்டே இருந்தார். நூறு செடியில் முப்பத்தெட்டுச் செடி மணியை விடவே மாட்டேன் என்கிறது!

“ஏமய்யா எர்னஸ்ட், வயல் நெல்லக் கலந்துட்டாங்களா, இல்ல நீயே கலந்தியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. நானே கலந்தேன் என்று அவர் முடிவு செய்துவிட்டால் மார்ச் வரைகூட இங்கே இருக்க முடியாது. திருட்டுப் பட்டத்தோடு போக வேண்டியதுதான்.

தானாக விளைந்ததுதான் வேண்டும் என்று அவ்வளவு தெளிவாக எழுதினேனே. தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று நம் கழனி நெல்லில் ஒரு பிடி அள்ளிப் போட்டாயா? நல்ல மணி, புடைத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் தாராள குணம் எனக்குத் தெரியும், இந்த முறை அது என்னைக் கவிழ்த்துவிட்டது. கழனியில் என்ன நட்டீர்கள் என்று கேட்டதற்கும் நீ பதில் சொல்லவில்லை.

எத்தனை வருஷமாகும் என்று கேட்டிருந்தாய். சிலர் ஆயிரம் என்கிறார்கள், சிலர் நூறு என்கிறார்கள். இனி எனக்கு அது எதற்கு?

எர்னஸ்ட்


பாலசமுத்திரம்
11-12-1975

தம்பிக்கு,

சுகம்.

நான் எதையும் கலக்கவில்லை. கலப்பதற்கு இந்த வீட்டில் நெல் ஏது?

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சித்தூர் வரவில்லை. பெரியப்பாவிடம் சொல்லிவிடு.

கிரேஸ்


புத்தூர்
19-12-1975

என் அன்பான அக்காளுக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதே. புத்தூர் என்றாலே எல்லோரும் நினைப்பதுதான், எலும்பு முறிந்துதான் கிடக்கிறேன். கணுக்கால், வேறொன்றுமில்லை. பச்சிலை வைத்து முட்டையும் துணியுமாகப் பெரிய கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஜனவரி முப்பது வரை காலைத் தரையில் வைக்கக் கூடாதாம். நம் சபையைச் சேர்ந்த வேதநாயகம் அண்ணன் வீட்டில் இடம் கொடுத்து, தட்டு நிறையச் சோறும் போடுகிறார்கள்.

எப்படி விழுந்தேன் என்று கேட்பாய். உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. மூன்று வரி. அதில் ஒரு வரியை ஐந்தாறு தடவை படித்தேன். ‘கலப்பதற்கு இந்த வீட்டில் நெல் ஏது?’ எழுந்து ஓடினேன் அக்கா. ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. விடுதிப் படிக்கட்டில் கடைசி இரண்டு படியைக் காணோம்.

படுத்துக் கிடக்கிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. கோபத்தில் எனக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. வயல் நெல்லைக் கலந்திருந்தால் அந்த முப்பத்தெட்டுச் செடிக்கும் மீசை இருக்காதே, உமி வெளுத்திருக்குமே! ஆனால் எல்லாவற்றுக்கும் அதே சிவந்த மீசை, அதே கறுத்த உமி. முழுக்க முழுக்கக் காட்டு நெல், உதிரவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அப்படியொரு நெல் தானாக வராது. யாரோ அரிவாளால் அறுத்து, அறுத்ததைப் புது மண்ணில் விதைத்து, மறுபடி அறுத்து, விடாமல் செய்திருக்க வேண்டும். அதையே உண்டு பிழைக்கிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

ஏழு வருஷமாக என்னை ஊருக்கு வரவிடாமல் சித்தூரிலேயே வைத்துப் பார்த்து அனுப்பினாயே, அக்கா. எத்தனை வருஷமாக அறுக்கிறாய்?

உன்னைப் போய்க் கலந்தாயா என்று கேட்டேன். என் வாயில் மண்தான் போட வேண்டும். மன்னித்துக்கொள்.

உன் தம்பி,
எர்னஸ்ட்


பாலசமுத்திரம்
2-1-1976

என் கண்ணான தம்பிக்கு அக்காள் எழுதுவது.

புது வருஷம் உனக்கு நல்ல காலோடு நடக்கட்டும். கடிதத்தைப் பார்த்துவிட்டு நான் அழுததைப் பார்த்து ஜெயகுமாரியும் அழுதாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. முட்டை உன் வயிற்றுக்குள்ளும் போகிறதா, காலுக்கு மட்டும்தானா?

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, எழுதிவிடுகிறேன். நீ மெட்ராஸில் படிக்கப் போன வருஷம் ஐப்பசி மழையில் ஏரி உடைந்ததே, கழனியில் கொஞ்சம் மணல் ஏறியது, வாரிவிட்டோம் என்று உனக்கு எழுதினேன். கொஞ்சமில்லை, இடுப்பளவு மணல். வாரவுமில்லை. சொன்னால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மண்வெட்டியைப் பிடித்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் நானும் உன் மாமாவும் பேசி வைத்துக்கொண்டோம்.

அந்த வருஷம்தான் முதல் முதலாக ஏரிக்குள் இறங்கினேன். முறத்தை ஏந்திக் கதிரைத் தட்டித் தட்டிச் சேர்த்தேன். தண்ணீர்ப் பாம்புகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கரைமேல் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்களே, அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து இனி முறத்தோடு போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மணல் மேட்டின் காலடியில் கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்தோம், ஊற்று கசிகிற இடம். அதில் அந்த நெல்லையே தூவினேன். முற்றியதும் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏன் தெரியுமா? அரிவாளோடு குனிந்திருந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நெல் அறுக்கிறாள் என்றுதான் தோன்றும். முனிரத்தினம் அண்ணன் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, “இன்னா கிரேஸு, நெல்லு அறுத்துக்கினு கீறியா?” என்று கேட்டார். “ஆமாண்ணா” என்றேன். அந்த ஒரு ‘ஆமாண்ணா’வுக்காகத்தான் தம்பி இத்தனை வருஷமும் அரிவாள். பாதி மணி என் காலடியிலேயே உதிர்ந்து போகும். போனால் போகட்டும் என்று மிச்சத்தை அறுப்பேன்.

கோடை தோறும் கூடை கூடையாக மணலை வாரி ஒரு துண்டு நிலத்தை மீட்போம். புதுத் துண்டில்தான் விதைப்பேன். பழைய துண்டில் உதிர்ந்தது தானாக முளைத்துக் காடாகக் கிடக்கும், அதன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காது. வருஷா வருஷம் அறுப்புக் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. என் கை பழகிவிட்டது என்று நினைத்தேன். நெல் பழகியிருக்கிறது என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. சித்தூருக்குக் கொண்டுவந்த வெள்ளை அரிசியெல்லாம் பள்ளிப்பட்டில் வாங்கியது. அதற்கு நீ என்னைத் திட்டலாம்.

இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகைக்கு நம் சபைக் கோயிலில் படைக்கவென்று முதல் கைப்பிடிகளை எடுத்து முடிந்து வைப்பேன். அங்கே எல்லோரும் வெள்ளை நெல் மூட்டையைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். இந்தக் கறுப்பு நெல்லோடு எப்படிப் போய் நிற்பது? ஒரு வருஷமும் கொண்டுபோகவில்லை. கடவுளுக்கென்று எடுத்ததைச் சமைக்கவும் மனம் வரவில்லை. சாம்பலும் வேப்பிலையும் போட்ட பானையில் முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறது. உனக்கு மே மாதம் அனுப்பியதும் அதில் கடைசி முடிச்சுதான், பாதியைப் பிரித்து. வேறு நல்லது என்று என்னிடம் எதுவும் இல்லை.

இந்த வருஷத்தோடு எட்டு முடிச்சு. உனக்கு உபயோகப்படுமா?

இப்படிக்கு,
கிரேஸ்


புத்தூர்
18-1-1976

அன்புள்ள அக்காளுக்கு,

கால் நலம், மனம் அதைவிட நலம். உன் கடிதத்தைப் படித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன் என்று வேதநாயகம் அண்ணன் யாரிடமாவது சொன்னால் நம்பு, மெய்தான்.

உபயோகப்படுமா என்று நீ கேட்டதற்குக் கடிதத்தில் பதில் எழுதினால் நாளாகும் என்றுதான் தந்தி கொடுத்தேன். பன்னிரண்டாம் தேதி மாமா வந்து எட்டு முடிச்சையும் என் கட்டிலில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் கரியால் வருஷம் எழுதியிருக்கிறாய். அக்கா, உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரனும் இப்படி ஒழுங்காக வைத்திருக்க மாட்டான்.

பழைய முடிச்சுகளில் பெரும்பாலும் முளைக்காது, அதைப் பற்றிக் கவலையில்லை. தானாக உதிர்ந்த மணியின் அடியில் தொப்புள் போல வழவழப்பாக வட்டத் தழும்பு இருக்கும். பிடித்துக்கொண்டிருந்ததை அடித்துப் பிரித்தால் அடியில் பிய்ந்த காம்பு ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எண்ணினேன். முதல் வருஷ முடிச்சில், நூறில் நாலுதான் பிய்ந்தது. முறத்தில் தட்டியதல்லவா? மூன்றாவதில் பன்னிரண்டு. ஐந்தாவதில் இருபத்திரண்டு. எட்டாவதில் நாற்பத்தொன்று. நீ வெட்கப்பட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் வைத்தது ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு அக்கா, ஒன்றுகூடக் குறையவில்லை.

பேராசிரியருக்குச் சொல்லி அனுப்பினேன். ஆள் வர மாட்டார் என்று நினைத்தேன், ரயிலேறி வந்துவிட்டார். இந்தக் கட்டில் விளிம்பிலேயே அரைமணி நேரம் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், “அன்னிக்கு நான் கேட்டது தப்பய்யா” என்றார். ஏரிக்கரை வயலிலிருந்து எப்போதோ மகரந்தம் காற்றில் வந்து காட்டு நெல்லில் சேர்ந்திருக்கும், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் என்று அவருடைய கணிப்பு. இருந்தாலும், அரிவாள் என்ன செய்யும் என்று நம்மிடம் எட்டு வருஷத்துக்குச் சாட்சி இருக்கிறது என்றார். என் உதவித்தொகையை இரண்டு வருஷம் நீட்ட எழுதிவிட்டார். எந்த வருஷம் எந்தத் துண்டில் விதைத்தாய், எப்போது அறுத்தாய் என்று உன் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். கட்டுரையில் உன் பெயரும் வரும்.

ஒரு வேண்டுகோள். போதும் அக்கா, நீ பட்டது. மூன்று பேரும் திருப்பதிக்கு வந்துவிடுங்கள். என் வருமானத்தில் நால்வரும் சாப்பிடலாம். ஜெயகுமாரி இங்கே படிக்கட்டும்.

உன் தம்பி,
எர்னஸ்ட்


பாலசமுத்திரம்
27-1-1976

என் அருமைத் தம்பிக்குச் சகல நன்மையும் உண்டாகட்டும்.

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். இந்த முறை இது சும்மா எழுதுகிற சுகமில்லை, மெய்யாகவே சுகம்.

உன் உதவித்தொகையை நினைத்து நேற்று நைனா கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். திருப்பதிக்கு வரச் சொல்கிறாய். உன் சோற்றில் எனக்கும் பங்குண்டு என்று நீ எழுதியது போதும், வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் வர மாட்டேன். பாதிக் கழனி மணலுக்கு வெளியே வந்தாயிற்று, மீதியை விட்டுவிட்டா வருவது? அதோடு, உதிராத நெல்லுக்கு அறுத்து விதைக்க ஆள் வேண்டும் என்று நீதானே எழுதினாய். எட்டு வருஷம் என்னை நம்பிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டது. இப்போது நான் போய்விட்டால் அது யாரை நம்பும்? ஜெயகுமாரியை வேண்டுமானால் பெரிய வகுப்புக்கு வந்ததும் அனுப்புகிறேன். அவளுடைய ஏன்களுக்கு நீதான் சரியான ஆள்.

ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. இந்த வருஷ நெல்லை முறம் நிறைய எடுத்துக்கொண்டு போனேன். முறத்தோடுதான். மூட்டைகள் வரிசையாக இருந்தன, நடுவில் வைத்தேன். காணிக்கைகளைப் பார்த்து வைக்கிற பச்சையப்பன் அண்ணன் ஒரு பிடி அள்ளி, “இன்னா நெல்லும்மா இது, இம்மாங் கறுப்பா கீது?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அப்படியும் சொல்லிவிட்டேன் தம்பி. “எட்டு வருசமா எங்களுக்குச் சோறு போட்ட நெல்லுண்ணா. ஏரியில இருந்தது, இப்போ எங்க கழனிது.” ஒருவரும் சிரிக்கவில்லை. முனிரத்தினம் அண்ணன் மனைவி சந்திரம்மா, கோயிலுக்கு வருகிறவளில்லை, விஷயம் கேள்விப்பட்டு இன்று காலை வந்து நின்றாள். மணலடித்த அவர்கள் மூலையிலும் தூவிப் பார்க்க ஒரு பிடி விதை வேண்டுமாம். கொடுத்தேன். நான் விதை கொடுத்து அனுப்புகிற நாள் ஒன்று வரும் என்று நினைத்ததே இல்லை.

பேராசிரியர் கேட்டதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் உன் கண்ணால் பார்க்க ஒன்று வைத்திருக்கிறேன். உன் டிசம்பர் கடிதம் வந்தபோது கடைசித் துண்டில் ஒரு வரிசை பாக்கியிருந்தது. நீ சொல்வது மெய்தானா பார்ப்போம் என்று அறுக்காமல் விட்டேன். ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பாதித் தாள் மொட்டையாக நிற்கிறது, மீதி அப்படியே மணியோடு நிற்கிறது. நானும் போகும்போதும் வரும்போதும் உலுக்கிப் பார்க்கிறேன்.

முப்பதாம் தேதி கட்டைப் பிரித்ததும் சித்தூருக்குப் போகாதே, திருப்பதிக்கும் போகாதே. கார்வேட்டிநகரம் பஸ்ஸைப் பிடி, அங்கே மாமா வண்டியோடு நிற்பார். நேரே வீட்டுக்கு வா. அந்த வரிசையை நீதான் அறுக்க வேண்டும், அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன். நெல் உனக்காக உதிராமல் நிற்கும். கிளிகள் உன் ஆராய்ச்சியைப் படித்ததில்லை, அவை நிற்காது. சீக்கிரம் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்காள் கிரேஸ்